விதை கொடுக்க மறுத்த ஊர்

கார்டீல் என்ற ஊரில் 75ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் ஜார்ஜியாவின் முகம் மாறிவிடுகிறது. அட்லாண்டாவிலிருந்து கூடவே வந்த லாரி இரைச்சல் அடங்குகிறது. 280ஆம் எண் சாலை பிளாக்‌ஷியர் ஏரியைத் தாண்டி, நிலக்கடலைக்கும் பருத்திக்கும் நடுவே போகிறது. இடையிடையே நூல் பிடித்து நட்ட பீகான் தோப்புகள். உழுது போட்ட நிலம் செக்கச்செவேலென்று கிடக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணை மிதித்து வளர்ந்தவனுக்கு இந்த மண்ணில் அந்நியம் எதுவும் தெரியவில்லை.

நான் போய்ச் சேர வேண்டியிருந்த ஊர் அமெரிகஸ். சம்டர் கவுண்டியின் தலைநகரம். மக்கள்தொகை ஏறக்குறைய 16,000. கடைத்தெருவின் நடுவில் 1892இல் கட்டிய விண்ட்சர் ஓட்டல் கோபுரமும் மாடங்களுமாக நிற்கிறது. சார்லஸ் லிண்ட்பர்க் 1923இல் தன் முதல் விமானத்தை வாங்கித் தனியாகப் பறந்து பார்த்தது இந்த ஊர் மைதானத்தில்தான். நான் வந்தது இவற்றுக்காக அல்ல. ஏழைகள் தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடுகளை, ஊர்க் கடைக்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் பக்கத்தில் நின்று கட்டிக் கொடுக்கும் முறை உலகமெங்கும் பரவியிருக்கிறது. ‘ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி’ என்று அதற்குப் பெயர். 1976இல் அது பிறந்த இடம் இந்த ஊரை ஒட்டிய ஒரு பண்ணை. அதற்கு இருபது ஆண்டு முன்னால், அதே பண்ணைக்கு ஒரு மூட்டை விதைகூட விற்கக் கூடாது என்று இதே ஊரின் கடைத்தெரு முடிவு செய்திருந்தது. இந்த இரண்டும் ஒரே மண்ணில் எப்படி நடந்தன என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

ஊருக்குத் தென்மேற்கே 49ஆம் எண் சாலையில் போனால் கொய்னோனியா பண்ணை வருகிறது. 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டனும் மார்ட்டின் இங்லண்ட் என்ற நண்பரும் குடும்பத்தோடு வந்து 440 ஏக்கர் வறண்ட நிலத்தை வாங்கினார்கள். ஜோர்டன் வேளாண்மை படித்தவர். பிறகு கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். தேறாத நிலத்தைத் தேற்றுவது எப்படி என்று சுற்றுவட்டாரக் குடியானவர்களுக்குச் சொல்லித் தருவதும், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூலி வாங்கி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். முதலாவதை ஊர் ஏற்றுக்கொண்டது. சம்டர் கவுண்டியில் முட்டைத் தொழில் பெருகியதில் அவருக்குப் பங்குண்டு. இரண்டாவதை ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தது.

1956இல் அட்லாண்டாவின் அரசுக் கல்லூரியில் சேர விரும்பிய இரண்டு கறுப்பின மாணவர்களுக்கு ஜோர்டன் துணை நின்றார். அதோடு கடைத்தெரு கதவடைத்தது. விதை கிடையாது, உரம் கிடையாது, கோழித் தீவனம் கிடையாது, அடுப்புக்கு எரிவாயு கிடையாது. வண்டி பழுதானால் பார்க்க ஆள் வராது. முட்டை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றுபோனார்கள். காப்பீட்டுக் கம்பெனிகள் பாலிசிகளை ரத்து செய்தன. சாலையோரத்தில் பண்ணை நடத்திய விற்பனைக் கடையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரவில் வீடுகளைப் பார்த்துச் சுட்டார்கள். கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் டோரதி டே 1957 ஈஸ்டர் சமயத்தில் இங்கே வந்து இராக்காவலுக்கு உட்கார்ந்தபோது, அவர் இருந்த காரை நோக்கியும் சுட்டார்கள்.

துப்பாக்கியையும் வெடியையும் விட என்னை நெடுநேரம் உட்கார வைத்தது தீவனக் கடைக் கதைதான். அமெரிகஸ் கடைத்தெருவில் ஒரே ஒரு தீவனக் கடை ஊர்க்கட்டுப்பாட்டை மீறிப் பண்ணைக்குச் சரக்குக் கொடுத்தது. 1957 மே மாதம் அந்தக் கடையிலும் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாகப் பண்ணைக்கு வந்தார்கள், குண்டு வைத்தவனைத் தேடிப் பிடிக்கும் உறுதியோடு அல்ல. ஊர் அமைதிக்காக நீங்கள் இடத்தைக் காலி செய்துவிட்டால் நல்லது என்று கேட்டுக்கொள்ள. ஜோர்டன் போகவில்லை.

தமிழ்நாட்டில் இருந்து போகிறவனுக்கு இந்தக் கதையில் விளக்கம் தேவைப்படும் இடம் எதுவுமில்லை. தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், ஊர்க்கட்டுப்பாடு, இனிமேல் உங்களுக்குக் கொடுக்க முடியாது என்று ஒரு பெட்டிக்கடைக்காரர் சொன்னது 2022இல். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் எவ்வளவு பெரிய அதிகாரம் இருக்கிறது என்பது நமக்கு நன்றாகவே தெரியும்.

பண்ணை பிழைத்தது வேறொரு வியாபாரத்தால். உள்ளூரில் வாங்க ஆளில்லை என்றானதும் பீகான் பருப்பை உடைத்துப் பொட்டலம் கட்டித் தபாலில் நாடெங்கும் அனுப்பத் தொடங்கினார்கள். கடைத்தெருவுக்குக் கட்டளை போட்டவர்களால் அமெரிக்க அரசுத் தபாலுக்குக் கட்டளை போட முடியவில்லை. அந்தப் பருப்பு வியாபாரம் இன்றும் நடக்கிறது. பண்ணைக் கடையில் வறுத்த பீகான் வாங்கி மென்றுகொண்டே பிக்னிக் ஹில் என்ற மேட்டுக்கு நடந்தேன். ஜோர்டனைப் புதைத்தது அங்கேதான். 1969 அக்டோபரில், எழுதும் குடிசையில் இருந்தபோதே 57 வயதில் மாரடைப்பால் இறந்தார். சவப்பெட்டிகளைக் கட்டி அனுப்பும் மரக்கூடு ஒன்றில் வைத்துப் புதைத்தார்கள். கல்லறைக் கல் இல்லை.

அவர் இறந்தபோது பண்ணையில் ஒரு வீடு பாதி எழும்பி நின்றது. அதன் பின்னால் இருந்தவர் மில்லர்ட் ஃபுல்லர். அலபாமாக்காரர், வழக்கறிஞர், அதைவிடவும் பிறவி வியாபாரி. கல்லூரி நாட்களிலேயே கூட்டாளி ஒருவரோடு சமையல் புத்தகமும் டிராக்டர் இருக்கை மெத்தையும் தபாலில் விற்று, முப்பது வயதைத் தொடுவதற்குள் கோடீசுவரர் ஆகிவிட்டார். பணம் வந்த வேகத்தில் குடும்பம் பிரிந்தது. மனைவி லிண்டாவை மீட்டுக்கொள்ள, இருவருமாகச் சொத்தை விற்றுக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். 1965இல் கொய்னோனியாவுக்கு நண்பரைப் பார்க்க வந்தவர்கள் ஜோர்டனோடு பேசப் பேச ஒரு மாதம் தங்கிவிட்டார்கள். 1968இல் திட்டம் உருவானது. பண்ணை நிலத்தில் ஆளுக்கு அரை ஏக்கர் வீதம் 42 மனைகள். அடுத்த தோட்டங்களில் ஓட்டை உடைசல் குடிசைகளில் குடியிருந்த கறுப்பினக் கூலிக் குடும்பங்களுக்கு வீடு. லாபம் இல்லை, வட்டி இல்லை, இருபது ஆண்டில் திருப்பிக் கட்டலாம். கட்டுகிற பணம் ஒரு பொது நிதிக்குப் போகும், அதிலிருந்து அடுத்த வீடு எழும்பும். முதல் வீட்டின் விலை சுமார் 6,000 டாலர். மாதத்துக்கு 25 டாலர்.

இந்த வட்டிக் கணக்கை இன்றைய தொகையில் ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். ஒரு லட்சம் டாலர் வீட்டுக் கடனை ஆறு சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 716 டாலர். கடைசித் தவணை கட்டும்போது வட்டியாக மட்டும் 72,000 டாலர் போயிருக்கும். வட்டி இல்லையென்றால் மாதம் 417. ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்யும் பெண்ணால் 417 கட்ட முடியும். 716 அவளை மூன்றாவது மாதமே சாய்த்துவிடும். இலவச மரமும் இலவச ஆணியும் கண்ணுக்குத் தெரிகிற உதவி. அதைவிடப் பெரிய உதவி கண்ணுக்குத் தெரியாத இந்த 72,000தான். அதனாலேயே இதைத் தர்மம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வாங்குகிறவர் முழு விலையையும் கட்டுகிறார். (இன்று இடத்துக்கு இடம் கடன் முறை மாறியிருக்கிறது. வீட்டுச் செலவு குடும்ப வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு.)

ஃபுல்லர் 1973இல் இதே முறையை இன்றைய காங்கோவின் ம்பாண்டாகாவுக்குக் கொண்டுபோய் மூன்று ஆண்டு நடத்திப் பார்த்தார். திரும்பி வந்து 1976இல் கொய்னோனியாவின் பழைய கோழிக் கொட்டகை ஒன்றில் நண்பர்களைக் கூட்டினார். ஹாபிடாட் அங்கே பிறந்தது. 1983இல் அன்றைய ஆந்திரத்துக் கம்மம் வரை வந்துவிட்டது. அமைப்பின் குழு 2005இல் அவரை விலக்கியபோது இதே ஊரில் இன்னொரு அமைப்பைத் தொடங்கி மறுபடி வீடு கட்டினார். 2009இல் இறந்து, அதே பிக்னிக் ஹில்லில் கிடக்கிறார். அவர் கதையில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒன்றுதான்: விற்கத் தெரிந்தவர் அவர். ஒரு கடைக்காரரிடம் பணமாகக் கேட்டால் நூறு டாலர் தருவார். அவர் கடைச் சரக்கையும் அவர் கைத்தொழிலையும் கேட்டால் ஒரு சுவரையே தருவார் என்பதை இன்னொரு வியாபாரியால்தான் அவ்வளவு தெளிவாகக் கண்டுகொள்ள முடியும்.

சனிக்கிழமை காலை, ஊரில் ஹாபிடாட் வீடு ஒன்று எழும்பும் கட்டுமான இடத்துக்குப் போனேன். வெயில் ஏறும் முன்பே ஆட்கள் வந்திருந்தார்கள். கான்கிரீட் தளம் முந்தின வாரமே போட்டாகிவிட்டது. உள்ளூர் ரெடிமிக்ஸ் கம்பெனி சரக்கை அடக்க விலைக்குக் கொடுத்து, லாரியையும் ஓட்டுநரையும் இலவசமாக அனுப்பியிருந்தது. தளத்தின் மேல் பைன் சட்டங்களைப் படுக்கப் போட்டு, பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்துச்சட்டம் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க வீடு இப்படித்தான் எழும்புகிறது. சுவரைத் தரையில் படுக்க வைத்தே செய்து முடித்து, பத்துப் பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துகிறார்கள். கல் வைத்துக் கட்டும் நம் முறையில் கொத்தனார் கையில்தான் எல்லாமும். சித்தாள் அல்லாத ஒருவர் போய் நின்றால் இடைஞ்சல். இங்கே சுத்தியல் பிடிக்கத் தெரியாத வங்கிக் குமாஸ்தாவுக்கும் வேலை இருக்கிறது. தன்னார்வலர்களை வைத்து வீடு கட்டும் யோசனை இந்த நாட்டில் இவ்வளவு வேர் பிடித்ததற்கு மரவீடும் ஒரு காரணம் என்று எனக்குப் பட்டது.

ஆனாலும் எல்லாவற்றையும் எல்லாரும் செய்துவிட முடியாது. மின்கம்பி இழுக்கவும் குழாய் இணைக்கவும் உரிமம் பெற்றவர்கள் வேண்டும். ஊர்த் தொழில்காரர்களின் அருமை இங்கேதான் தெரிகிறது. மின் ஒப்பந்தக்காரர் ஒருவர் தன் ஆட்கள் இருவருக்குத் தானே சம்பளம் கொடுத்து அனுப்புகிறார். குழாய் வேலைக்காரர் பொருளுக்கு மட்டும் பில் போடுகிறார். மரவாடிக்காரர் கூரைச் சட்டகங்களைச் செய்ய மூன்று நாள் இயந்திரத்தை ஒதுக்குகிறார். சாப்பாட்டுக் கடையிலிருந்து பகலுக்கு வறுத்த கோழியும் பட்டர் பீன்ஸும் சர்க்கரை போட்ட குளிர்ந்த தேநீரும் வந்தன. வங்கி ஊழியர்கள் ஒரே நிறச் சட்டையில் வந்து, மேஸ்திரி சொன்னபடி பலகை சுமந்தார்கள். மேஸ்திரி ஓய்வு பெற்ற தச்சர். வெள்ளைத் தாடி, கறுப்பு உடல், கையில் ரசமட்டம். அவர் அதட்டலுக்கு வங்கி மேலாளரும் அடங்கித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்காரி ஆகப்போகிறவரும் வேலை செய்துகொண்டிருந்தார். வாங்குகிற குடும்பம் சில நூறு மணி நேரம் தன் உழைப்பைப் போட வேண்டும் என்பது விதி. ஒரு நோட்டில் மணிக் கணக்கு ஏறுகிறது. தன் வீட்டில் மட்டுமல்ல, அதற்கு முன் வேறொருவர் வீட்டிலும் ஆணி அடித்துவிட்டு வந்தவர் அவர். படுக்கையறைச் சுவரை நிமிர்த்தும்போது நடுவில் நின்று தூக்கினார். சுவர் நின்றதும் ஜன்னல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து, “என் மகள் இந்தப் பக்கம் படுப்பாள், கிழக்கு வெயில் சீக்கிரம் எழுப்பிவிடும்” என்றார்.

வேலியில் உதவிய கம்பெனிகளின் பெயர்ப் பலகைகள் வரிசையாகத் தொங்கின. கொடுத்ததற்கு வரிச்சலுகையும் உண்டு. இதைச் சுட்டிக்காட்டி எல்லாம் விளம்பரம் என்பவர்களை எனக்குத் தெரியும். பெயர்ப் பலகை இருக்கட்டும். அந்தப் பெண் குடியேறப் போகும் வீடு நிஜம். அதில் ஒழுகாத கூரை நிஜம். வேர்ல்பூல் கம்பெனி 1999 முதல் அமெரிக்காவில் ஹாபிடாட் கட்டும் ஒவ்வொரு புது வீட்டுக்கும் ஒரு ஃப்ரிட்ஜும் ஒரு அடுப்பும் கொடுத்து வருகிறது. 1991இல் கனடாவின் வின்னிபெக்கில் தொடங்கிய ‘ரீஸ்டோர்’ கடைகளில், கடைக்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் மிஞ்சிய கதவு, ஓடு, கழுவுதொட்டிகளைக் கொடுக்கிறார்கள். விற்ற பணம் வீடு கட்டப் போகிறது. பெரிய கம்பெனிகளின் கை நீளம். இருந்தும் என் மனம் அந்த மின் ஒப்பந்தக்காரர் பக்கமே சாய்கிறது. ஃப்ரிட்ஜ் கொடுத்த கம்பெனிக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. இவர் அவளை நாளைக்கு மளிகைக் கடையில் பார்ப்பார். விளக்கு எரியாவிட்டால் அவரிடம் நேரே கேட்பாள்.

என்னை வருத்துவது வேறு. ஒரு ஊரில் ஆண்டுக்கு இரண்டு வீடு, மூன்று வீடு என்று எழும்புகிறது. அதற்குக் காத்திருப்போர் அதைவிடப் பல மடங்கு. எவ்வளவு நல்ல மனது உள்ள கடைத்தெருவாலும் நிலத்தின் விலையைக் குறைக்க முடியாது, கூலியை உயர்த்த முடியாது. அவை அரசின் கையில் உள்ளவை. சனிக்கிழமை வேலையைக் காட்டி அரசு தன் பொறுப்பைக் கழற்றிக்கொள்ளுமானால் அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம்.

மறுநாள் பிளெயின்ஸுக்குப் போனேன். அமெரிகஸிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். சில நூறு பேர் வாழும் ஊர். ஒரே வரிசைக் கடைகள், பழைய ரயில் நிலையம், நிலக்கடலைக் கிடங்கு. ஜிம்மி கார்ட்டர் குடியரசுத் தலைவர் ஆகும் முன் இங்கே கடலை வியாபாரி. 1950களில் வெள்ளையர் சங்கத்தில் சேர மறுத்ததற்காக அவர் கடையையும் கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்தார்கள். பதவியிலிருந்து இறங்கியபின் 1984இல் ஃபுல்லர் கேட்டுக்கொண்டபடி மனைவி ரோஸலினோடு நியூயார்க் போய், கீழ்க்கிழக்குப் பகுதியில் பாழடைந்து கிடந்த ஆறு மாடிக் கட்டடத்தில் 19 குடும்பங்களுக்கு வீடு ஆக்கும் வேலையில் தச்சராக இறங்கினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒரு வாரம். பதினான்கு நாடுகளில் 4,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2006இல் லோனாவாலா அருகே 100 வீடுகள் கட்டவும் வந்தார். அதற்கு முன்பே அவர் தாய் லில்லியன் 68 வயதில் அமைதிப் படைத் தொண்டராக மும்பை விக்ரோலிக்கு வந்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்திருக்கிறார். 2019இல் 95 வயதில் கார்ட்டர் வீட்டில் விழுந்து நெற்றியில் பதினான்கு தையல்; மறுநாளே கண் கன்றிப்போன முகத்தோடு நாஷ்வில் கட்டுமான இடத்தில் நின்றார். இப்போது அவரும் ரோஸலினும் பிளெயின்ஸ் வீட்டு வளவிலேயே அடக்கமாகியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை கிளம்பும் முன் மரவாடிக்குப் போனேன். சனிக்கிழமை பார்த்தவர்தான் உரிமையாளர், அறுபதைத் தாண்டியவர். புறக்கணிப்பு நாட்களைப் பற்றிக் கேட்டேன். தான் அப்போது பிறக்கவில்லை, வீட்டில் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள் என்றார். கொஞ்ச நேரம் பட்டியல் காகிதத்தைப் புரட்டினார். “பேசாததே எனக்குப் போதுமாக இருந்தது” என்றார். பிறகு, உங்கள் ஊரில் கடைக்காரர்கள் இப்படி வருவதுண்டா என்று கேட்டார்.

புயல் வெள்ளம் என்றால் வருவார்கள், மற்ற நாளில் குறைவு என்றேன். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் பற்றிச் சொன்னேன். ஜோர்டனும் ஃபுல்லரும் மனை அளந்த அதே 1968இன் டிசம்பரில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தலித்துகள் 44 பேரை எரித்ததையும், அதன்பின் அந்த அம்மா கீழத்தஞ்சையில் நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்ததையும், பிறகு குடிசைகளை மாற்றிச் செங்கல் வீடு கட்டக் கிளம்பியதையும், குடியிருக்கப் போகிறவர்களே செங்கல் வேலையில் இறங்கியதையும் சொன்னேன். 44 என்ற எண்ணைத் திரும்ப ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

“செங்கல் சரி. கதவு, ஜன்னலுக்கு என்ன மரம்?” என்றார்.

எங்கள் பக்கம் சிறிய வீடுகளுக்கு வேம்பும் வாகையும் போடுவார்கள் என்றேன். வேம்பு கசக்கும், கறையான் சீக்கிரம் கிட்ட வராது. அவருக்கு அது பிடித்துவிட்டது. பைனுக்கு அந்த வசதி இல்லை. கான்கிரீட்டைத் தொடும் கீழ்ச்சட்டத்துக்கு மட்டுமாவது மருந்து ஏற்றிய மரம் வைத்தே ஆக வேண்டும், இலவசமாகச் சரக்குக் கொடுக்கும் வீட்டில் அதை மிச்சம் பிடிக்கிற ஆள்களும் உண்டு, நான் விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே என்னை அடுக்குக்கு அழைத்துப்போய், பச்சை ஏறிய ஒரு சட்டத்தை இழுத்துக் காட்டினார்.